மதுரையில் ஒரு வாரம், விடிய விடிய ஒரு நாடகம்

முதல் நாள், சனி

பாண்டியன் எக்ஸ்பிரஸ் வைகைப் பாலத்தில் ஏறும்போது இன்னும் நன்றாக விடியவில்லை. தண்டவாளச் சத்தம் மாறியதுமே எனக்கு விழிப்பு வந்துவிடும். பிள்ளைகள் இருவரையும் எழுப்பி ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். ஆற்றில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் மணலும் செடியும். "இதுதான் வைகையாம்மா?" என்றான் சின்னவன். சித்திரையில் அழகர் இறங்கும்போது வந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

ஸ்டேஷன் வாசலில் அப்பா நின்றார். 76 வயதில் விடியற்காலை ஆட்டோ பிடித்து வர வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பேத்தியின் தலையைத் தடவிய கையோடு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நோட்டீஸ் வந்திருச்சுத்தா. புதன்கிழமை ராத்திரி. வள்ளி திருமணம்."

என்னோடு எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி, மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். எட்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்கு லீவு இல்லை என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வருடம் அப்பாவே போனில், "இன்னொரு தடவை முழுசா உக்காந்து பாத்துரணும்" என்றார். அப்புறம் யோசிக்கவே இல்லை, டிக்கெட் போட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்கு இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை.

சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. அரண்மனை கட்ட இங்கே மண் எடுக்கும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்று சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளம் வறண்டு, நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது படி தொடத் தண்ணீர் நின்றது. மைய மண்டபத்து விளக்கு தண்ணீரில் நீளமாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம். மாங்காய்க் கீற்றும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். ஒன்பது மணி வரைக்கும் யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

பகல் முழுக்க வெயில். வெளியே தலைகாட்டவில்லை.

இரவு மீனாட்சியம்மன் கோயில், பள்ளியறை பூஜைக்கு. செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் ஒரு நிம்மதிதான், படம் எடுக்கும் எண்ணமே வராமல் கண் முழுக்கக் கோயிலிலேயே இருந்தது. கடைசி நேரத்தில் சுவாமியின் பாதத்தை வெள்ளிப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். திரை போட்ட சின்னப் பல்லக்கு. முன்னால் நாதஸ்வரம், சாம்பிராணிப் புகை, விசிறி. பகலில் அத்தனை கூட்டம் நெரிக்கும் பிரகாரத்தில் அந்த நேரத்துக்கு ஐம்பது அறுபது பேர்தான். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "தினமும் இப்படியா?" என்றாள். தினமும்தான். இந்த ஊரில் நாள் முடிவது அப்படித்தான்.

மூன்றாம் நாள், திங்கள்

கீழடி. மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல, சிவகங்கை மாவட்டத்துக்குள் வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகளைப் பற்றி மகள் பாடத்திலேயே படித்திருந்தாள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை காலம் போகிறது என்பதையும் அவளே தம்பிக்குச் சொன்னாள்.

அப்பாவை நிறுத்தியது வேறொன்று. கண்ணாடிக்குப் பின்னால் வட்டமாகத் தேய்த்த சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள். வட்டச் சில்லு என்று எழுதியிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "இது பாண்டிச் சில்லுல்ல! உங்க அப்பத்தா பானை ஒடஞ்சா கூட்டித் தள்ள மாட்டா. நாங்க பொறுக்கித் தரையில தேச்சு வட்டமாக்கிக்கிருவோம்" என்றார். அவர் கை தானாகக் காற்றில் தேய்த்துக் காட்டியது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் கட்டம் கிழித்து, உடைந்த ஓட்டைத் தேய்த்துக் கொடுத்து, இருவரும் ஆடத்தான் ஆடினார்கள். ஒற்றைக் காலில் நிற்க சின்னவனுக்கு வரவில்லை. அழுதான். நாளைக்கு வந்துவிடும்.

நான்காம் நாள், செவ்வாய்

எங்கள் பெஞ்சில் மூன்று பேர். மூன்றாமவள் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், காமராஜர் சாலைப் பக்கம் வீடு. அவள் பாட்டி இன்னும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார். பள்ளி விட்டு நாங்கள் அவர்கள் வீட்டில்தான் கிடப்போம். திண்ணையில் பாட்டி முடிச்சுப் போடும்போது அவர்கள் பாஷையில் பேச்சு ஓடும். புரியாவிட்டாலும் நானும் சிரித்துக்கொண்டிருப்பேன்.

இன்று பாட்டி என் மகளை எதிரில் உட்காரவைத்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். துணியில் ஒரு புள்ளியை இடதுகை நகத்தால் கிள்ளித் தூக்க வேண்டும். கடுகு அளவுதான் எழும்ப வேண்டும், கூடினால் புள்ளி பெரிதாகிவிடும். எழும்பிய முனையில் நூலை இறுக்கிச் சுற்றி ஒரு இழுப்பு. நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போகிறார் பாட்டி. பார்க்க எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு வரிசை முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கும்போது முடிச்சுக்குள் சாயம் இறங்காது, அங்கே வெள்ளைப் புள்ளி நின்றுவிடும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கடைகளில் சுங்குடி என்று அடுக்கியிருப்பதில் பாதிக்கு மேல் அச்சுப் போட்டது. விலை குறைவு என்று நானே வாங்கியிருக்கிறேன். முடிச்சுப் போட்டதை அடையாளம் காண்பது எளிது என்று தோழி சொல்லிக்கொடுத்தாள். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. புதுத் துணியில் புள்ளி இருக்கும் இடம் விரலுக்குச் சுருக்கமாகத் தட்டுப்படும். இனி வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். பாட்டிக்குக் கண் தெரிகிற வரைக்கும் என்று இல்லாமல், இதைக் கற்றுக்கொள்ள வருகிறவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைத்தால்தான் இது நிற்கும். பாட்டியின் பேத்திகளில் ஒருத்தரும் முடிச்சுப் போடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் இரண்டு மணி நேரத்தில் போட்ட முடிச்சுகளில் நாலைந்து அவிழ்ந்துபோயின. பாட்டி திரும்பச் சுற்றிக் கொடுத்து, "சாயம் போட்டு வைக்கிறேன், ஊருக்குப் போறப்ப வாங்கிக்க" என்றார்.

ஐந்தாம் நாள், புதன் (வியாழன் மதியம் எழுதியது)

மத்தியானமே மேலூர் பஸ் ஏறிவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் தோழி நின்றிருந்தாள். "வாடி, எட்டு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்று கட்டிக்கொண்டாள். மஞ்சள் வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து அடித்தது.

வெயில் தாழ்ந்ததும் அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போனாள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்த இடம். மலையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் எடுத்த சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் ஒரே ஊரில். பாறைமேல் வல்லூறு ஒன்று வட்டம் போட்டதைச் சின்னவன்தான் முதலில் பார்த்தான். இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதை எதிர்த்து, 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை வரைக்கும் திரண்டு போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. தோழியும் நடந்தவள். "கால்ல கொப்புளம், ஆனா அன்னிக்கு நடந்த நடைய மறக்க மாட்டேன்" என்றாள். அப்போது நான் சென்னையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நடந்திருக்க வேண்டும் என்று நேற்று அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்ற பேருக்கு அப்பா சொல்லும் விளக்கம் இது. இது ஒரு கம்பெனி ஆட்கள் சேர்ந்து போடும் நாடகம் இல்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர், சிரிக்கவைக்கும் பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், மற்றத் தாளக் கருவிகளுக்கு ஆல்ரவுண்டு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அந்த ஒரு ராத்திரிக்கு ஸ்பெஷலாக வரவழைப்பார்கள். அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நடத்திவிடுவார்கள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த சுவாமிகள், 1918-ல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்து நடத்திய நாடக சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான்.

ஒன்பதரைக்கு மேடைக்குப் பின்னால், பள்ளிக்கூட வராண்டாவில் ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. அப்பா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அங்கே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்திரீபார்ட் அம்மா ஒரு தகரப்பெட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்துவைத்து நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர், அறுபது வயது இருக்கும், வெற்றிலையை மென்றுகொண்டே வந்து ஒரு கும்பிடு போட்டார்.

"எத்தனை கட்டைம்மா?"

"அஞ்சரைண்ணே. நடுச்சாமத்துக்கு மேல அஞ்சு வச்சுக்கங்க, தொண்டை கட்டியிருக்கு."

"ஆகட்டும்."

கட்டை என்றால் பாடுகிற சுருதியின் அளவு. அப்படியே ராஜபார்ட்டிடம், நாரதரிடம் போய் அதே கேள்வி. எட்டு மணி நேர நாடகத்துக்கு அவர்கள் பேசிவைத்துக்கொண்டது அவ்வளவுதான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மகளுக்குக் காட்ட நினைத்ததும் இதைத்தான்.

பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்பியது. ஊர் முழுக்கப் பாயும் போர்வையுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. தோழியின் மாமியார் எங்களுக்கு முன்னாலேயே இடம் போட்டிருந்தார். பபூன் வந்தார், டான்ஸ் வந்தது. சிரிப்பு அடங்க நள்ளிரவு ஆனது. சின்னவன் சிரித்துச் சிரித்தே என் மடியில் தூங்கிப்போனான். அப்புறம்தான் கதை. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிற இடத்தில், அத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் கப்சிப் ஆனது. அஞ்சரைக் கட்டையில் அந்தக் குரல் மைக்கையும் தாண்டி வயக்காட்டுப் பக்கம் போய்த் திரும்பியது.

அப்பாவுக்குக் காது மந்தம். கருவியை மாட்டிக்கொண்டால், குழாய் ஒலிபெருக்கிச் சத்தம் அதில் கலந்து 'கீ' என்று இரைகிறது. மாட்டாவிட்டால் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை. அரை மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். இதற்காகத்தானே வந்தோம் என்று எனக்குத் துக்கமாக வந்தது. தோழி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் விழாக் கமிட்டிக்காரர் ஒருவரிடம் பேசினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் வந்து, "வாங்கய்யா" என்று அப்பாவைக் கைத்தாங்கலாக மேடை ஓரத்துக்கு அழைத்துப்போனார்கள். ஆர்மோனியக்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

அங்கே உட்கார்ந்ததும் அப்பா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஆர்மோனியம் வைத்திருந்த பலகை மேல் வலது உள்ளங்கையைப் பதித்தார். விடியும் வரைக்கும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. ராஜபார்ட் வேடன் வேஷத்தில் வந்து முதல் பாட்டை எடுத்தபோது, அடுத்த வரி வருவதற்கு முன்பே அப்பாவின் உதடு அசைந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். இருபது வயதில், ஒரே சைக்கிளில் இரண்டு பேராகப் பத்து மைல் மிதித்துப் போய்ப் பார்த்த நாடகங்கள் எல்லாம் அவருக்குள் அப்படியே இருக்கின்றன.

தர்க்கம் மூன்று மணிக்கு. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற வாதம். எழுதி வைத்தது கொஞ்சம்தான், மீதியெல்லாம் அவரவர் சரக்கு. பறவைக்கும் பசிதானே, ஏன் கவண் வீசி விரட்டுகிறாய் என்றார் நாரதர். பசிக்குத் தின்பதை நான் எங்கே தடுத்தேன், தின்றது போக மிதித்து உதிர்க்கிறதே, அதைத்தான் விரட்டுகிறேன் என்றாள் வள்ளி. தரையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் ஒருவர் விடாமல் கை தட்டினார்கள். என் மகள் எழுந்து முட்டி போட்டுக்கொண்டாள். நாரதர் அசரவில்லை, இன்னொரு பக்கத்திலிருந்து கிளப்பினார். ஒன்றரை மணி நேரம். தோற்றவர் இல்லை. ஆர்மோனியக்காரர் சொன்னபடி சுருதியை இறக்கிக் கொடுத்திருந்தார். வள்ளியின் குரல் கமறிய ஒரு இடத்தில் அவரே அந்த வரியை எடுத்துப் பின்பாட்டாகப் பாடி முடித்துவைத்தார். அந்த அம்மா ஒரு கணம் அவர் பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேலே போனார்.

நடுநடுவே அன்பளிப்பு. பத்து ரூபாய், நூறு ரூபாய் என்று மேடைக்கு வரும், மைக்கில் பெயர் சொல்லுவார்கள். அப்பா 101 ரூபாயை ஆர்மோனியக்காரர் கையில் வைத்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கையாட்டினார்.

முருகன் கிழவராக வந்து, தேனும் தினைமாவும் கேட்டு, யானையாக வந்த விநாயகரைக் கண்டு வள்ளி பயந்து ஓடி, கடைசியில் மாலை மாற்றும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. மங்களம் பாடும்போது வந்திருந்த முக்கால்வாசிப் பேர் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஆறரை மணி முதல் பஸ்ஸில், முகத்தில் அரிதாரம் முழுசாகப் போகாமல், நாரதரும் மிருதங்கக்காரரும் எங்களோடு மேலூர் வரைக்கும் வந்தார்கள். அங்கிருந்து ஆளுக்கு ஒரு பஸ். அன்று ராத்திரியும் இருவருக்கும் நாடகம், வேறு வேறு ஊரில்.

ஆறாம் நாள், வியாழன்

தூக்கம். சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடல்பாசி, நன்னாரி, சுண்டிய பால் என்று பிள்ளைகள் தம்ளருக்குள் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் குடித்தார்கள். அப்பா வரவில்லை. கட்டிலில் படுத்தபடி, யாருக்கும் கேட்காத மாதிரி நினைத்துக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள், வெள்ளி

காலையில் பூ வாங்கினேன், இரண்டு பந்து மதுரை மல்லி. தோழிகள் இருவரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே மூன்று பேர் ஒரு பாயில். என்ன பேசினோம் என்று எழுதத் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். மேலூர்க்காரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூன்று தடவை எழுந்து மூன்று தடவையும் உட்கார்ந்தாள். அடுத்த வருடத்து ராஜபார்ட் யார் என்று ஊரில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டதாம். "அப்பாவுக்கு பெஞ்சுல எடம் உண்டுடி, அதப் பேசியாச்சு" என்றாள்.

பாட்டி கொடுத்தனுப்பிய கைக்குட்டை ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. அரக்குச் சிவப்பில் சாயம் ஏறி, காய்ந்து, முடிச்செல்லாம் பிரிக்காமல் சுருங்கிக் கிடந்தது. இரவு ரயிலில் ஏறிப் படுக்கை விரித்த பிறகுதான் மகள் அதை எடுத்தாள். பாட்டி சொல்லியனுப்பியபடி அவள் ஒரு முனையையும் தம்பி எதிர்முனையையும் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். பட் பட்டென்று நூல் தெறித்துப் போர்வையில் விழுந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று வெள்ளைப் புள்ளிகள் திறந்துகொண்டே வந்தன. வண்டி வைகைப் பாலத்தில் ஏறிய சத்தம் கேட்டும் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முப்பத்தொன்று என்று எண்ணிச் சொன்னான் சின்னவன்.